ரிப்போர்ட் வரும்வரை: மார்புக் கட்டியை எடுத்த பிறகு வரும் அந்தப் பத்து நாட்கள்

மும்பை செம்பூரில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வயது 41. இடது மார்பில் இருந்த கட்டியில் ஊசி போட்டுப் பார்த்தபோது கேன்சரா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல முடியாததால், போன வியாழக்கிழமை கட்டியை முழுதாகவே எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் ஏழிலிருந்து பத்து நாளில் வரும் என்றார்களாம். இன்று புதன். "லேட் ஆனாலே அதுதான்" என்று அபார்ட்மென்ட் சொசைட்டியில் ஒரு அம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ராத்திரியில் தூக்கம் இல்லை. கணவர் "எதையும் யோசிக்காதே" என்கிறார். திருநெல்வேலியில் இருக்கும் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் ஒன்பது வயதுப் பெண் இருக்கிறாள். இந்த நாட்களை எப்படித் தள்ளுவது என்பதுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. மும்பையில் திசுப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாகப் பல வருடம் வேலை பார்த்தவள். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் வார்த்து, சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடாக டாக்டர் மேஜையில் கொண்டுபோய் வைப்பது என் வேலை. ரிப்போர்ட் கவுன்ட்டர் எங்கள் அறைக்குப் பக்கத்திலேயே இருந்ததால், காத்திருப்பவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் அந்த சொசைட்டி அம்மா சொன்னதையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் பாதி அதுதான் என்று தோன்றுகிறது.

வியாழக்கிழமை உங்கள் கட்டி ஆபரேஷன் தியேட்டரிலேயே, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் ஊற்றிய டப்பாவுக்குள் போயிருக்கும். சர்ஜன் அதில் நூல் கட்டி அனுப்புவார். குட்டை நூல் மேல்பக்கம், நீள நூல் வெளிப்பக்கம் என்பது பல இடங்களில் வழக்கம். உடம்புக்குள் கட்டி எந்தத் திசையில் இருந்தது என்று லேபுக்குத் தெரிய அதுதான் வழி. ஃபார்மலின் சதைக்குள் மெதுவாகத்தான் இறங்கும், மணிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில். மார்புச் சதையில் கொழுப்பு வேறு அதிகம். சரியாக ஊறாமல் எடுத்தால் கத்தியில் குழைந்துபோகும், ஸ்லைடில் உருப்படியாக ஒன்றும் தெரியாது. பின்னால் ஹார்மோன் சோதனை தேவைப்பட்டால், சதை ஃபார்மலினில் குறைந்தது 6 மணி நேரமும் அதிகபட்சம் 72 மணி நேரமும் இருந்திருக்க வேண்டும் என்று வழிமுறையே இருக்கிறது. இதில் யாரும் அவசரம் காட்ட முடியாது, காட்டவும் கூடாது.

வெள்ளிக்கிழமை பத்தாலஜி டாக்டர் கட்டியை அளந்து, வெளிப்பரப்பு முழுக்க மை தடவி, வில்லை வில்லையாக நறுக்கிச் சின்ன பிளாஸ்டிக் கேசட்டுகளில் போடுவார். பின்னால் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது, கோளாறு ஏதாவது இருந்தால் அது அந்த மைக்கோட்டைத் தொடுகிறதா, தள்ளி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் 'மார்ஜின்' என்று வருவது இதுதான். அப்புறம் கேசட்டுகள் ஒரு ராத்திரி முழுக்க மெஷினுக்குள் கிடக்கும். ஆல்கஹால் ஈரத்தை எடுக்கும், ஸைலீன் ஆல்கஹாலை எடுக்கும், கடைசியில் உருகிய பாரஃபின் மெழுகு உள்ளே ஏறும். சனிக்கிழமை பல லேப்களில் அரை நாள், ஞாயிறு லீவு. திங்கட்கிழமை மெழுகுக் கட்டியாக வார்த்து, மைக்ரோடோமில் மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவுவோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீவியதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தி எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது தும்மினால் போச்சு, மறுபடியும் சீவ வேண்டியதுதான். சாயம் ஏறியதும் செல்லின் உட்கரு நீலமாகவும், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

ஆக, செவ்வாய் சாயங்காலமோ இன்று காலையோதான் உங்கள் ஸ்லைடு டாக்டர் கைக்குப் போயிருக்கும். இத்தனை நாளும் யாரோ விஷயம் தெரிந்து உங்களிடம் மறைத்துக்கொண்டிருக்கவில்லை. நேற்று வரை அது யாருக்குமே தெரியாது.

இனிமேல் லேட் ஆனால்? அதற்கும் பல காரணங்கள் உண்டு. டாக்டர் இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சீவிக் கொடு என்பார். இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்பார். விசேஷ சாயம் போட்டுப் பார்க்கச் சொல்வார். இதெல்லாம் கேன்சருக்கு மட்டும் நடப்பதில்லை. ஃபைப்ரோஅடினோமா என்ற சாதுவான கட்டிக்கும் ஃபில்லோட்ஸ் என்ற இன்னொரு வகைக்கும் வித்தியாசம் சொல்ல நேரம் பிடிக்கும். ஸ்க்ளீரோசிங் அடினோசிஸ் என்று ஒன்று உண்டு, கெடுதல் இல்லாதது, ஆனால் மைக்ரோஸ்கோப்பில் கேன்சர் மாதிரியே வேஷம் போடும். நல்ல கட்டியை நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதற்காகவே விசேஷ சாயம் கேட்டு மூன்று நாள் காத்திருந்த டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். கேன்சர் என்று தெரிந்தால், எந்த மருந்து பலிக்கும் என்று பார்க்க ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று கூடுதல் சோதனைகள் உண்டு, அவையும் சில நாள் எடுக்கும். ஆகவே தாமதத்தை வைத்து எந்தப் பக்கமும் ஊகிக்க முடியாது. நடுவில் கணபதி விசர்ஜன் மாதிரி ஒரு லீவு விழுந்தால் அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

மற்ற சகுனங்களும் அப்படித்தான். கவுன்ட்டரில் இருக்கும் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றால், அவளுக்கு அன்று நூறு பேர் வரிசையில் நின்றிருப்பார்கள். "டாக்டரை வந்து பாருங்கள்" என்று போன் வந்தால், அது பெரும்பாலும் எல்லோருக்கும் வருகிற போன்தான். சர்ஜன் "பார்க்க நல்லாத்தான் இருந்தது" என்று சொல்லியிருந்தால் சந்தோஷம், ஆனால் அது ரிப்போர்ட் ஆகாது. அவர் ஒன்றும் சொல்லாமல் போனதும் ரிப்போர்ட் ஆகாது.

ஊசிச் சோதனையில் தெளிவாகத் தெரியவில்லை என்பதும் உங்களை உறுத்துகிறது இல்லையா? மெல்லிய ஊசியில் வருவது உதிரிச் செல்கள். அவை ஒன்றோடொன்று எப்படி அமைந்திருந்தன என்பது அதில் வராது. பல நேரங்களில் முடிவு சொல்ல அந்த அமைப்புதான் வேண்டும். அதற்காகத்தான் முழுசாக எடுக்கிறார்கள். சோனோகிராபி ஸ்கேன் ரிப்போர்ட்டில், கட்டி எவ்வளவு சந்தேகமாகத் தெரிகிறது என்று காட்டும் எண்ணாக 'பைராட்ஸ் 4' என்று போட்டிருந்தால் அதை வைத்துக்கொண்டு ராத்திரி கணக்குப் போடாதீர்கள். அந்த ஒரே எண்ணுக்குள் நூற்றுக்கு 2 முதல் 95 வரை வாய்ப்பு அடங்கும். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை கேன்சர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த உண்மை யாருக்கும் உதவுவதில்லை. நூறு பேர் கணக்கு நமக்கு எதற்கு, நம் கட்டி ஒன்றே ஒன்றுதானே.

இப்போது மனசு விஷயம். "பாசிட்டிவாக நினை, எல்லாம் நல்லதாக வரும்" என்று சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அதற்குள் ஒரு பயமுறுத்தலும் இருக்கிறது: கெட்டதாக நினைத்தால் கெட்டதாக வந்துவிடுமோ என்று. உங்கள் பரீட்சைப் பேப்பர் எழுதி முடித்துக் கொடுத்தாயிற்று. மெழுகுக்குள் இருப்பது இருக்கிறபடியேதான் இருக்கும். நீங்கள் சிரித்தாலும் அழுதாலும் அதில் ஒரு செல்கூட மாறாது. அதனால் பயப்படுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு, பயந்ததற்காக இன்னொரு தடவை பயப்பட வேண்டாம்.

கேட் ஸ்வீனி என்று அமெரிக்காவில் ஒரு உளவியல் பேராசிரியர், முடிவுக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்பவர். வக்கீல் தேர்வு எழுதிவிட்டு மாதக்கணக்கில் ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார். கவலையைக் குறைக்க அவர்கள் செய்த முயற்சிகள் பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் கவலைப்பட்டுக்கொண்டே காத்திருந்தவர்கள், ரிசல்ட் வந்தபோது அது நல்லதானாலும் கெட்டதானாலும், மற்றவர்களைவிட நன்றாக எதிர்கொண்டார்கள். அதற்காக வேண்டுமென்றே கவலைப்படச் சொல்லவில்லை. உங்களால் கவலைப்படாமல் இருக்க முடியவில்லை என்றால் அது பலவீனம் இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

ஆனால் கவலைக்கு இருபத்துநாலு மணி நேரமும் வீட்டைத் திறந்துவிட வேண்டியதில்லை. உளவியல்காரர்கள் 1980-களிலிருந்தே சொல்லிக்கொடுக்கும் ஒரு முறை இருக்கிறது. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், இருபது முப்பது நிமிடம், கவலைப்படுவதற்கென்றே. உதாரணத்துக்கு, பெண் ட்யூஷன் போயிருக்கும் ஐந்தரை மணிக்கு, பால்கனி நாற்காலியில். படுக்கையில் வேண்டாம். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் ஒரு தாளில் ஒரு வரி எழுதிவிட்டு, இதைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவையுங்கள். முதல் நாள் சரிப்படாது. இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் பழகும். அந்தத் தாளைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: பாதி வரிகள் கேள்விகள், டாக்டரிடம் கேட்க வேண்டியவை. அவற்றைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அன்றைக்கு உதவும். மீதி வரிகளில் பதில் இல்லை, அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.

தூக்கத்துக்கு நான் முதலில் கேட்பது வலியைத்தான். பல பெண்கள் வலி மாத்திரையைப் பகலில் விழுங்கிவிட்டு ராத்திரி "பரவாயில்லை, பொறுத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். புரண்டு படுக்கும்போது சுருக்கென்று குத்தும், முழிப்பு வரும், முழிப்பு வந்ததும் நினைப்பு வரும். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில் ராத்திரி வேளைக்கு உள்ளதை ராத்திரி போட்டுக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடிக்கும் காட்டன் பிராவைப் படுக்கும்போதும் போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் போடத்தான் சொல்வார்கள். இருபது நிமிடம் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து ஹாலில் உட்காருங்கள், போனைப் படுக்கையறையிலேயே விட்டுவிட்டு. மாமியாருடைய தூக்க மாத்திரை அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்க வேண்டாம். இது நம் வீடுகளில் சர்வசாதாரணமாக நடக்கிறது. வேண்டும் என்றால் உங்கள் டாக்டரிடமே கேட்டு, உங்களுக்கென்று எழுதி வாங்குங்கள்.

உடம்பைப் பற்றி இரண்டு மூன்று விஷயம். தையலுக்குக் கீழே கெட்டியாகத் தட்டுப்பட்டால் "மறுபடி வந்துவிட்டது" என்று நினைத்துப் பதற வேண்டாம். ரத்தமும் நீரும் கட்டி, தழும்பு ஆறும்போது அப்படித்தான் மேடாக இருக்கும். மரத்துப்போனது போலவும், திடீரென்று மின்சாரம் அடித்தது போலவும் இருப்பது நரம்பு ஆறுவதால். காய்ச்சல், சிவந்து சூடாவது, சீழ், வேகமாக வீங்குவது, இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் உடனே போன் செய்யுங்கள். ஆபீஸுக்குப் போகத் தொடங்கினால் ஹார்பர் லைன் ரயிலில் காலைக் கூட்டத்தில் ஏறாதீர்கள். லேடீஸ் டப்பாவில் மேலே கைப்பிடியைப் பிடித்தால் தையல் இழுக்கும். குர்லாவில் ஏறி இறங்கும் கூட்டத்தின் முழங்கைகள் நேராக அந்த இடத்துக்குத்தான் வரும். பதினொரு மணி வண்டியில் போக முடியுமா பாருங்கள், பையை வலது தோளில் மாட்டுங்கள். சேடா நகர் முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தால் தாராளமாகப் போய் வாருங்கள், மனசுக்குத் தெம்பு என்றால் அது சின்ன விஷயம் இல்லை. சிதறுகாயை மட்டும் உங்கள் கணவர் உடைக்கட்டும்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. "யோசிக்காதே" என்கிற ஆண்கள் பெரும்பாலும் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பவர்கள். அவருக்கு வேலை கொடுங்கள். பழைய சோனோகிராபி, மேமோகிராம், ஊசிச் சோதனை ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் பேப்பர், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போடச் சொல்லுங்கள். லேபுக்குப் போன் செய்வதும் அவர் பொறுப்பு. அதற்குப் பதிலாக நீங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: ராத்திரி நீங்கள் பயமாக இருக்கிறது என்று சொன்னால், அவர் அதைச் சரிசெய்யப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். இதை அவரிடம் இப்படியே வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் உங்களுக்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கவுன்ட்டரில் நான் பார்த்தவரை, அம்மாவிடம் மறைப்பதற்கே நிறைய சக்தி செலவாகிறது. தினமும் போன் பேசும் அம்மா என்றால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் அவர் கற்பனை செய்வது நிஜத்தைவிட மோசமாக இருக்கும். "ஒரு கட்டி இருந்தது, எடுத்தாச்சும்மா. நல்லா இருக்கேன். டெஸ்ட்டுக்குக் கொடுத்திருக்காங்க, வந்ததும் நானே சொல்றேன்" என்று சொன்னால் அதில் பொய் ஒன்றும் இல்லை. பெண்ணுக்கும் கிட்டத்தட்ட இதே வாக்கியம் போதும். அம்மாவுக்கு இங்கே தையல் போட்டிருக்கு, கொஞ்ச நாள் இறுக்கிக் கட்டிப்பிடிக்கக் கூடாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு வீட்டில் ஏதோ நடக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும். சொசைட்டிக்கும் ஃபேமிலி குரூப்புக்கும் எதுவும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. முள்சீத்தாப்பழம், கருஞ்சீரகம் என்று ஃபார்வர்டு வரும். நன்றி என்று போட்டுவிட்டு நகருங்கள், ஆபரேஷன் ஆன உடம்பில் அதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டாம். பால் கொடுத்த விதம், பிராவின் நிறம், அக்குளில் அடித்த ஸ்ப்ரே, இவற்றால் வந்ததா என்று பின்னோக்கிப் போகவும் வேண்டாம். இவற்றால் கட்டி வருவதில்லை.

இதற்கெல்லாம் மேலே நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. ரிப்போர்ட்டில் என்ன இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அது உங்களிடம் எப்படி வந்து சேரும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் பல லேப்கள் வாட்ஸாப்பில் நேரடியாகப் பிடிஎஃப் அனுப்பிவிடுகின்றன. ராத்திரி ஒன்பது மணிக்கு, சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருக்கும்போது, டிங் என்று வரும். நீங்கள் திறப்பீர்கள், யாராக இருந்தாலும் திறக்கத்தான் செய்வோம். அதில் இருப்பது டாக்டருக்கு டாக்டர் எழுதிய பாஷை. 'ஹைபர்ப்ளேசியா' என்று பார்த்து அலறுவீர்கள். செல்கள் எண்ணிக்கையில் கூடியிருக்கின்றன என்றுதான் அதற்கு அர்த்தம், அதில் சாதாரண வகைகளே அதிகம். 'எட்டிபிகல்', அதாவது செல்கள் வழக்கத்துக்கு மாறாக இருக்கின்றன என்று சேர்ந்து வந்தால் அதுவும் கேன்சர் இல்லை, ஆனால் தொடர்ந்து கவனிக்க வேண்டியது. கிரேடு 2 என்று படித்துவிட்டு இரண்டாம் ஸ்டேஜ் என்று அழுதவர்கள் உண்டு. கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. கிரேடு என்பது செல் பார்க்க எப்படி இருக்கிறது என்பது, ஸ்டேஜ் என்பது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. ஆகவே இன்றைக்கே ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். லேபில் கொடுத்த நம்பரை மாற்றி கணவர் நம்பரையோ, நம்பிக்கையான அக்கா தங்கை நம்பரையோ கொடுங்கள். வந்தால் அவர்கள் திறக்க வேண்டாம், சர்ஜனுக்கு அனுப்பி நேரம் வாங்கினால் போதும். கூடுமானவரை காலை அப்பாயின்ட்மென்ட்டாக. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரையும் கேட்க முடியாமல் தவிப்பதைவிட, சனி ஞாயிறு தெரியாமலே இருப்பது மேல் என்று நினைத்தால், அப்படியே செய்யலாம்.

போகும்போது கூட வருகிறவர் கையில் பேனா இருக்கட்டும். நல்லது என்று வந்தால், "ஒன்றுமில்லை" என்பதோடு எழுந்துவிடாமல், கட்டியின் பெயர் என்ன, சோனோகிராபியில் தெரிந்ததும் இதுவும் ஒத்துப்போகிறதா, அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேன்சர் என்று வந்தால், அன்றைக்கே எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. கட்டியை எடுத்த இடத்தைச் சுற்றி இன்னொரு ஆபரேஷனும், அக்குளில் எல்லோருக்கும் இருக்கும் நிணநீர் முடிச்சுகளின் பரிசோதனையும் தேவைப்படலாம். மார்ஜின், கிரேடு, ஈஆர், பிஆர், ஹெர்-2 ஆகியவை தெரிந்த பிறகுதான் சிகிச்சையைத் தீர்மானிப்பார்கள். இன்னொரு கருத்துக் கேட்க ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கொண்டால் பொதுவாக நஷ்டமில்லை. அதற்கு ரிப்போர்ட் காகிதம் போதாது, மெழுகு பிளாக்கும் ஸ்லைடுகளும் வேண்டும். எழுதிக் கொடுத்துக் கேட்டால் லேபில் தருவார்கள். பரேலில் 1941-லிருந்து நடக்கும் டாடா மெமோரியல் நம் ஊரிலேயே இருக்கிறது, அங்கே ஸ்லைடுகளை மறுபடி பார்த்துச் சொல்வார்கள்.

சாப்பாடே இறங்கவில்லை, நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது, வாழ்ந்து என்ன என்ற மாதிரி நினைப்பு வருகிறது என்றால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். டெலி-மானஸ் என்ற அரசாங்க உதவி எண் 14416, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

உங்களுக்குச் சொன்ன பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அதனால் ஞாயிறு முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு மேல் உங்கள் கணவர் ரசீதில் இருக்கும் லேப் நம்பரைச் சொல்லி, "ரிப்போர்ட் டைப் ஆகிவிட்டதா, இல்லை வேறு ஏதாவது சாயம் கேட்டிருக்கிறார்களா" என்று கேட்கட்டும். "ரெடியா" என்று மட்டும் கேட்டால் "இன்னும் இல்லை" என்று வைத்துவிடுவார்கள். இப்படிக் கேட்டால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இன்னும் எத்தனை நாள் என்று சொல்வார்கள்.